கவிழ்கிற படகைத்தான் கேட்டார்

லேத்துக்காரருக்குப் பக்கவாதம் வந்தபோது வயது ஐம்பத்தெட்டு. அதுவரை பட்டறையில் இரும்பு கடைந்தவர். இடது கையும் காலும் செயலிழந்தன, பேச்சு பிழைத்துக்கொண்டது. நான் வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள். எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். அவரைப் போல முரண்டு பிடித்தவரும் இல்லை, சொன்ன பயிற்சியை அவரைப் போல் பிசகாமல் செய்தவரும் இல்லை.

நோய்க்கு முன் ஞாயிறுதோறும் பூங்காக் குளத்தில் நண்பர்களோடு ரிமோட் படகு விடுவார். கவிழ்ந்தால் தானே முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்து வருவார். ஒரு வருடம் கழித்து மறுபடி போகிறேன் என்றபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"என் படகை எடுக்க இன்னொருத்தன் தண்ணியில இறங்கக் கூடாது. இறங்கினா அதோட சரி. அந்தப் பக்கமே வரமாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் என்று அவர் மனைவிக்கும் எனக்கும் தெரியும். வீட்டை விட்டு வெளியே போக அவர் சம்மதித்த ஒரே இடம் அந்தக் குளம். அதுவும் போனால் மிச்சம் கட்டில்தான். கட்டில் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று நான் நிறையப் பார்த்தவள்.

டாக்சி ஓட்டும் நண்பர் இரண்டு படகு உடல்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒன்று, இரண்டு ஒல்லி உடல்களைச் சேர்த்து அகலமாகச் செய்தது. இன்னொன்று, அடிப்பாகம் கத்தி போலக் குறுகி இறங்கும் வி வடிவம்.

"ரெட்டையை எடுப்பா. காலைப் பரப்பி உக்காந்திருக்கு பாரு. இதைக் கவுக்கணும்னா யானை வரணும்."

நானும் சேர்ந்துகொண்டேன். "அவர் சொல்றது சரி. காலை அகட்டி நின்னா விழமாட்டீங்கன்னு தினம் சொல்றேன்ல?"

"விழமாட்டேன் சிஸ்டர். விழுந்துட்டா?"

"நான் இருக்கேன்ல."

"குளத்து நடுவுல எப்படி இருப்பீங்க? நீந்துவீங்களா?"

எனக்கு நீந்தத் தெரியாது.

இரட்டை உடல் நிமிர்ந்து எவ்வளவு உறுதியாக மிதக்கிறதோ, கவிழ்ந்தாலும் அவ்வளவு உறுதியாகக் கிடக்கும் என்று லேத்துக்காரர் விளக்கினார். வி வடிவம் திருப்பத்தில் சுலபமாகக் கவிழும். ஆனால் அதன் ஒரு பக்கத்தில் தனி அறை இருக்கிறது. அதற்கு ஒரு ஓட்டை. கவிழ்ந்ததும் தண்ணீர் அதில் ஏறி, அந்தப் பக்கம் கனத்து, படகு தானே புரண்டு நிமிர்ந்துவிடும்.

"எந்திரிக்கிற படகு வேணும் எனக்கு," என்றார். நண்பர் இரட்டையைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் ஒரு கையால் வேலை செய்தார். படகை மேசை இடுக்கியில் இறுக்கிக்கொண்டு, மோட்டாரையும் பேட்டரியையும் தண்ணீர் புகாதபடி மூடினார். ரிமோட்டைக் கழுத்தில் மாட்டி, வேகமும் திருப்பமும் ஒரே குச்சியில் வரும்படி மாற்றினார். குளியல் தொட்டியில் முதல் வாரம் முழுக்க படகு எழவேயில்லை. பேட்டரியை விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்திப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு முறையும் எழுந்தது.

ஞாயிறு காலை குளக்கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மூன்றாவது சுற்றில் முழு வேகத்தில் திருப்பினார். படகு கவிழ்ந்தது. நிதானமாகக் காத்திருந்தார். அரை நிமிடம் ஆயிற்று. எழவில்லை.

டாக்சிக்காரர் குனிந்து கால்சட்டையை மடித்தார்.

"மடிக்காத."

"மோட்டார்ல தண்ணி போயிடும்பா."

"போகாது. நில்லு."

அவர் மனைவி மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "ஏங்க, நேத்து படகைத் துடைச்சேன்ல. பக்கத்துல ஓட்டை இருந்துச்சு. தண்ணி போயிடுமேன்னு பிளாஸ்டர் ஒட்டிட்டேன்."

டாக்சிக்காரர் சொன்னார்: "தங்கச்சி படகுக்கு முதலுதவி பண்ணியிருக்கு."

"எந்த பிளாஸ்டர்?" என்றார் லேத்துக்காரர்.

"சிஸ்டரோட மருந்துப் பெட்டியில இருந்தது. வெள்ளையா, காகிதம் மாதிரி."

என் பக்கம் திரும்பினார். "தண்ணியில அது எவ்வளவு நேரம் நிக்கும் சிஸ்டர்?"

"ஊறினா கால் மணி நேரத்துல உரிஞ்சிடும்."

"அப்ப எல்லாரும் உக்காருங்க."

புல்லில் உட்கார்ந்தோம். அவர் படகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"திட்டணும்னா திட்டிடுங்க," என்றார் மனைவி.

"வேலை இருக்கு. அப்புறம்."

கால் மணி தாண்டிற்று. டாக்சிக்காரர் இரண்டு முறை எழப் பார்த்து உட்கார்ந்தார். பிறகு படகின் ஒரு தோள் தாழ்ந்தது. தயங்கியது. இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, சோம்பல் முறிப்பவரைப் போலப் புரண்டு நிமிர்ந்தது. லேத்துக்காரர் குச்சியைத் தள்ளினார். மோட்டார் பிடித்தது. ஓட்டை வழியே தண்ணீரைக் கொட்டிக்கொண்டே படகு கரைக்கு வந்தது. நாற்காலியிலிருந்து குனிந்து வலது கையால் அவரே எடுத்தார். பிடிக்க நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் அது கவிழாத ஞாயிறே இல்லை. அவருக்காக யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. இனி தினமும் வர வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் போதும் என்று என்னிடம் சொன்னார். பார்த்தேன், போதுமானதாகத்தான் இருந்தது.