சேதுபதியின் பாட்டுக்கு வைத்த பெயர்

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சேதுபதியும் மருதப்பனும் ஒரே கூட்டத்தில் மூட்டை ஏற்றியவர்கள். 1957இல் ஒரு நாள் பாரந்தூக்கியின் கயிறு அறுந்தது. "ஹாத்தி-ஹாத்தி மருதப்பா!" என்று சேதுபதி கத்தினார். பார்த்துடா என்பதைத் துறைமுகத்தில் எல்லோரும் மலாயில்தான் சொல்வார்கள். மருதப்பன் நிமிர்ந்து பார்த்தான், நகரவில்லை; பாரம் அவன் மேலேயே விழுந்தது.

அந்தக் கத்தல் காதை விட்டுப் போகவில்லை. அதை வைத்துத்தான் சேதுபதி பாட்டுக் கட்டினார். சுங்கை ரோட்டில் வாங்கிய பழைய கித்தார், மலாய்க் கல்யாணங்களில் ஆடும் ஜோகெட் தாளம், தமிழ் வரிகள். ஒவ்வொரு கண்ணியும் அந்தக் கத்தலில் வந்து முடியும். சாவுக்கு ஆட்டத் தாளமா என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மூட்டை சுமக்கும்போது இருவரும் முணுமுணுத்த தாளம் அது. பெரிய பாட்டு என்று சொல்வதற்கில்லை. பொய் இல்லாத பாட்டு.

மறு பொங்கலுக்குச் சிராங்கூன் ரோட்டை அடுத்த திடலில் பாட்டுப் போட்டி. பெயர் பதிந்துகொண்ட சங்கச் செயலாளர் வேலாயுதத்திடம் கர்நாடக இசை, பக்தி, மெல்லிசை என மூன்றே தலைப்புகள் இருந்தன. எதிலும் இது அடங்கவில்லை.

"பாட்டுன்னு போடுங்கண்ணே" என்றார் சேதுபதி.

"துணிக்கடையில போயி துணி குடுன்னு கேப்பியா சேது? வேட்டியா சேலையான்னு சொல்ல வேணாமா?"

போட்டிக்கு வெளியே, மந்திரவாதிக்கு அடுத்ததாக, ஒரு இடம் கிடைத்தது. வேலாயுதம் ஒலிபெருக்கியில் "அடுத்தது சிரிப்புப் பாட்டு" என்று அறிவித்தார். கெட்ட எண்ணம் இல்லை. மலாய்ச் சொல் கலந்தால் சிரிப்பு என்பது அவர் கணக்கு. கூட்டம் பெயரை முதலில் கேட்டது, பாட்டைப் பிறகு. முதல் 'ஹாத்தி-ஹாத்தி'க்கே திடல் சிரித்தது. மூன்றாவது கண்ணியில் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். முன்வரிசையில் மருதப்பனின் மனைவி அன்னம்மா தலை குனிந்திருந்தாள்.

மறுவாரமே இசைத்தட்டுக் கடைக்காரர் அப்துல் கஃபார் தேடி வந்தார். தட்டு போடலாம், ஆனால் உறையில் சிரிப்புப் பாட்டு என்று இருந்தால்தான் ஆட்கள் வாங்குவார்கள் என்றார். இது இறந்தவனைப் பற்றியது என்று சேதுபதி சொல்லிப் பார்த்தார். கஃபார் வருத்தமாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு, சோகம் என்று போட்டால் தாளம் ஒத்துக்கொள்ளாதே என்றார்.

அன்னம்மாவிடம் கேட்காமல் சேதுபதி சரி சொல்லவில்லை. அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே பேசினாள்.

"எம் மகளக் கடைத்தெருவுல 'ஹாத்தி-ஹாத்தி'ன்னுதான் கூப்புடுறாங்க. பாட வேணான்னு சொல்லலண்ணே. சிரிக்கிறதுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க."

பாடாமல் விட்டுவிடலாம். ஆனால் ஊரே கேட்கிறது; அப்படி ஒன்று வாழ்க்கையில் அவருக்கு முதல் தடவை. ஒலிப்பதிவு அன்று, மருதப்பா என்ற இடத்தில் முனியப்பா என்று பாடினார். முனியப்பன் என்று அவருக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. தாளம் இடறவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். சேதுபதிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

தட்டு ஓடியது. ஜோகெட் தாளத்தில் தமிழ் பாடியவர்கள் எல்லோரும், காதலானாலும் தாலாட்டானாலும், சிரிப்புப் பாட்டுக்காரர்கள் ஆனார்கள். 1961 பொங்கல் போட்டியில் அதற்கென்று நான்காவது தலைப்பே வந்தது. நடுவராகச் சேதுபதியை அழைத்தார்கள். போனார். மதிப்பெண் தாளில் குரல், தாளம், சிரிப்பு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் இரண்டையும் நிரப்பிவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.