அவர் கேட்டது தண்ணீர்தான்

விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்துவந்த என் கணவருக்கு அந்தக் கோடையில் தாகம் அடங்கவே இல்லை. "வெறுந்தண்ணி குடு, போதும்" என்பார். தண்ணீரில் என்ன தெம்பு இருக்கிறது என்று நான் மூன்று வேளையும் சாத்துக்குடி பிழிந்து, சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். அவர் மெலிய மெலியப் பழத்தைக் கூட்டினேன்.

ஒரு காலையில் அவர் கண் திறக்கவில்லை. ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"சர்க்கரை வியாதிம்மா. குடிக்க என்ன குடுத்தீக?" என்றார் டாக்டர்.

சொன்னேன்.

"தண்ணியே குடுத்திருக்கலாம்" என்றார்.

மூன்றாம் நாள் என் கணவர் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மாமியார், "எம் மருமக எம்மவன எம்புட்டுப் பக்குவமாப் பாத்தா தெரியுமா!" என்று சொல்லி அழுதார்.

மாமியாரிடம் கடைசிவரை டாக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.