சிவக்காத கஷாயம்

என் மனைவி சபியா மௌத்தாகி, அடக்கம் செய்த மறுவாரம் எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பேன். திடீரென்று உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அடிக்கும். காதுக்குள் கேட்கும். வேர்த்துக் கொட்டும்.

சபியாவுக்கும் இதே நோய்தான்.

மதகடிப்பட்டில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தேன். படபடப்பு என்று வருகிறவர்களுக்கு மருதம்பட்டையும் காய்ந்த தாமரை இதழும் கட்டிக் கொடுப்பேன். சபியாவுக்கும் அதைத்தான் கொடுத்தேன். பதினொரு மாதம் கொடுத்தேன். "பாண்டிக்குப் போய் ஒரு தடவ டாக்டருகிட்ட காட்டிட்டு வரலாங்க" என்று இரண்டு முறை கேட்டாள். "என் மருந்துமேல உனக்கே நம்பிக்கை இல்லியா?" என்றேன். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. ஒரு பகல் வேளையில், கடைக்குப் பின்னால் சீரகம் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் தொழுவதை விட்டுவிட்டேன். பள்ளிவாசலில் பாங்கு கேட்டால் எழுந்து கடைக்குப் பின்பக்கம் போய்விடுவேன். அங்கே போனால் முறம் தட்டுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். எனக்குப் புத்தி பிசகுகிறது என்று பயந்தேன். வெளியே சொல்லவில்லை. நானும் அதே மருதம்பட்டையைத் தினமும் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தேன்.

எழுபத்தாறாம் வருடம், ஐப்பசி. செவ்வாய்க்கிழமை, மாட்டுச் சந்தை நாள். விடியற்காலையிலிருந்து மழை. பத்து மணி வாக்கில் ஒருவர் மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். முன்னே பின்னே பார்த்திராத ஆள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார்.

"பாய், எம் பொண்டாட்டிக்கு உக்காந்தா எழுந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஒரு கொடம் தண்ணி தூக்க முடியல. நல்ல மருந்தா குடு."

இடித்து வைத்திருந்த பட்டையை டின்னிலிருந்து அள்ளிப் பொட்டலம் கட்டினேன். "சாயந்தரமே காய்ச்சிக் குடிக்கச் சொல்லு. எந்த ஊரு?" என்றேன். "சுத்துக்கேணி" என்றார். சந்தையைப் பார்க்கப் போய்விட்டார். பெயர் கேட்கவில்லை.

மத்தியானம் எனக்குக் கஷாயம் வைத்தேன். அதே டின்னிலிருந்துதான் எடுத்தேன். மருதம்பட்டை கொதித்தால் தண்ணீர் சிவந்துவிடும். அன்று சிவக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டேன். பழைய வைக்கோல் நிறத்தில் அப்படியே நின்றது. டின்னைக் கவிழ்த்துக் காகிதத்தில் கொட்டி விரலால் பிரித்துப் பார்த்தேன்.

அரளிவேர்ப் பட்டை. புண்ணுக்குப் போடுகிற எண்ணெயில் சேர்க்க இடித்து வைத்தது. வயிற்றுக்குள் போனால் நெஞ்சையே நிறுத்திவிடும் விஷம். முந்தின நாள் காலியாக இருந்த மருதம்பட்டை டின்னில் அதைக் கொட்டி வைத்தது நான்தான். எந்த நினைப்பில் கொட்டினேனோ தெரியாது.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. சொல்லாவிட்டால் இந்தச் சாட்சிக்கு அர்த்தமில்லை. அந்த நிமிடத்தில் என் மனதில் முதலில் வந்தது அந்தப் பெண்ணின் உயிர் அல்ல. ஷைத்தான் காதோடு பேசினான். 'அவள் ஏற்கெனவே நெஞ்சு நோய்க்காரி. செத்தால் நோயில் செத்தாள் என்றுதான் சொல்வார்கள். உன்னை யார் கேட்பார்கள்?' நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொட்டியதைத் திரும்ப அள்ளிப் போட்டு டின்னை மூடிக்கூட வைத்துவிட்டேன்.

அப்போது பின்னால் முறம் தட்டுகிற சத்தம் கேட்டது.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு சைக்கிளை எடுத்தேன். முதலில் சந்தைக்குப் போனேன். மழைக்குச் சந்தை கலைந்துவிட்டது. சுத்துக்கேணிக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள் என்றார்கள். அங்கிருந்து ஏழெட்டு மைல். சேறு. பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். நெஞ்சு அடித்த அடியில் இங்கேயே விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். விழுந்தாலும் நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

ஆற்றங்கரைக்கு வந்தால் தரைப்பாலத்தைக் காணோம். கரை முட்டச் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. அக்கரையில் சுத்துக்கேணிப் பக்கத்துப் பனைமரங்கள் தெரிகின்றன. போக வழியில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இந்நேரம் அடுப்பு மூட்டியிருப்பார்கள்.

வானத்தைப் பார்த்துக் கத்தினேன். "யா அல்லாஹ், என் பொண்டாட்டியத்தான் எடுத்துக்கிட்டே. இவள எங் கையாலயா எடுக்கணும்? வழியையும் மறிச்சுட்டியே!"

கத்தி முடித்துக் கரையில் இறங்கினேன். அந்த வெள்ளத் தண்ணீரிலேயே முகம் கை கால் கழுவி ஒளு செய்தேன். துண்டை ஈர மண்ணில் விரித்தேன். ஒரு வருடம் கழித்து அன்றுதான் அஸர் என்கிற மாலைத் தொழுகையைத் தொழுதேன். சஜ்தாவில் மண்ணில் வைத்த நெற்றி எழவில்லை. "நான்தான் செஞ்சேன். சபியாவுக்கும் நான்தான் செஞ்சேன். என்னை என்ன வேணா பண்ணு. அவளக் காப்பாத்து." வேறு எதுவும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தொழுகை முடித்து வலப்பக்கம் முகம் திருப்பி ஸலாம் சொன்னேன். இடப்பக்கம் திருப்பினேன். முப்பதடி தள்ளி, புங்கமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியிருந்தார்கள். ஆற்றைத் தாண்ட முடியாமல் மதியத்திலிருந்து காத்திருக்கிறவர்கள். ஆற்றையே பார்த்து வந்த நான் அவர்களைக் கவனிக்கவில்லை; வெள்ளத்தின் இரைச்சலில் என் கத்தலும் அவர்களுக்குக் கேட்டிருக்காது. அதில் ஒருவர் சாக்கு போட்டிருந்தார். கட்டைவிரலில் துணி.

எழுந்து ஓடினேன். "இன்னா பாய், இம்மாம் தூரம் வந்துகீற?" என்று சிரித்தார். கையை நீட்டினேன். பொட்டலம் அவர் மடியில், நனையாமல், கட்டு அவிழாமல் இருந்தது. வாங்கிக்கொண்ட பிறகுதான் சொன்னேன். "இது மருந்தில்லப்பா. விஷம். நான் மாத்திக் குடுத்துட்டேன்."

அவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஓர் அறை விட்டார். மற்றவர்கள் வந்து பிடித்து விலக்கினார்கள். "வுடுங்க, அடிக்கட்டும்" என்றேன். அவர் மறுபடி அடிக்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

"நீ வந்து சொல்லாம வுட்டிருந்தா எனக்கு இன்னா பாய் தெரியும்? சீக்குக்காரி, போய்ட்டான்னு தூக்கிப் பொதச்சிருப்பேன்."

அவர் பெயர் கன்னியப்பன். கூலி வேலை. இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. நான் சுத்துக்கேணிக்குப் போனேன். அவர் மனைவி தனலட்சுமி வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. சபியாவின் உதடும் அப்படித்தான் இருந்தது. அன்று அதை நான் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

"மருந்து கொணாந்தியா பாய்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், கெளம்பு" என்றேன்.

இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையும், இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசியும் எழுதிக் கொடுத்தார். ஒரு ஊசிகூடத் தவறாமல் பார்த்துக்கொண்டோம். மறு வருடம் அவள் நடவுக்கே போனாள். அல்ஹம்துலில்லாஹ்.

கடை இன்றும் இருக்கிறது. அரளி போன்ற சாமான் எதுவும் உள்ளே வருவதில்லை. அந்தப் பொட்டலத்தையும் டின்னையும் ஆழக் குழி தோண்டிப் புதைத்தேன். சுக்கு, திப்பிலி, ஓமம் விற்கிறேன். படபடப்பு என்று யார் வந்தாலும், "மொதல்ல டாக்டரு, அப்புறம் வா" என்று திருப்பி அனுப்புகிறேன். ஐந்து வேளையும் தொழுகிறேன்.

என் படபடப்பு அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்த டின்னிலிருந்து கன்னியப்பனைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மழை நாளில் கடை வாசலில் ஆள் நிழல் விழுந்தால் ஒரு கணம் மூச்சு நிற்கிறது. அந்தப் பயம் என்னிடம் இருக்கட்டும் என்றுதான் என் ரப்பான அல்லாஹ்விடம் கேட்கிறேன். அதுதான் என் கையை நிதானமாக வைத்திருக்கிறது.

சகோதரர்களே, சகோதரிகளே, உங்களில் யாராவது ஒரு தவறைச் செய்துவிட்டு, யாருக்குத் தெரியும் என்று மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எழுந்திருங்கள். நேரமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வழியில் ஆறு மறித்தால் அந்தக் கரையிலேயே நெற்றியை வையுங்கள். என்னைத் தண்டிக்க வந்தது என்று நான் திட்டிய வெள்ளத்தை, மதியமே அனுப்பிக் கன்னியப்பனை இக்கரையில் உட்கார வைத்திருந்தான் அல்லாஹ். நான் கேட்பதற்கு முன்பே.