ரீபா கற்ற இரண்டு மொழிகள்

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய ரீபா நர்சிங் சேருவாள் என்றுதான் கூடங்குளத்தில் அவள் தெருவே நினைத்திருந்தது. அவளோ டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ரஷ்யாவையும் நடு ஆசியாவையும் பற்றிய ஐந்தாண்டுப் படிப்புக்கு எழுதிப்போட்டு, இடமும் வாங்கிவிட்டாள். அந்த நாடுகளின் வரலாறு, மக்கள், அரசியல், எல்லாவற்றுக்கும் முதலில் ரஷ்ய மொழி.

அவளுடைய அப்பா ஜாபேஸ் பம்ப்செட் மெக்கானிக். அணு உலை வேண்டாம் என்று ஊரே திரண்ட நாட்களில் மாதக்கணக்கில் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர். அதற்காக வழக்கு வாங்கி, வள்ளியூருக்கும் நெல்லைக்கும் வருஷக்கணக்கில் அலைந்தவர். ரீபா விஷயத்தைச் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

“உலையைக் கட்டுனவன் பாஷையவா படிக்கப் போற?”

“ஆமாப்பா. இத்தன வருசமா அவிய என்ன எழுதிருக்காவன்னு நம்மள்ல ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியல. ஒருத்தியாவது படிக்கணும்லா?”

“எக்கேடும் கெட்டுப் போ. நான் ரயிலடிக்கு வரமாட்டேன்.”

சொன்னபடியே அவர் வரவில்லை. அம்மா லில்லிதான் நெல்லை சந்திப்பில் ரயிலேற்றிவிட்டாள்.

வகுப்பில் பாதிப்பேர் பள்ளியிலேயே கொஞ்சம் ரஷ்யன் படித்துவிட்டு வந்திருந்தார்கள். ரஷ்யனில் நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறொரு வினை. முதல் வாய்மொழித் தேர்வில், திருநெல்வேலியிலிருந்து வந்தேன் என்று சொல்ல நினைத்து, நடந்தே வந்தேன் என்று சொல்லிவிட்டாள். “எத்தனை மாதம் ஆயிற்று?” என்று தேர்வாளர் கேட்டார். தேர்வில் தோற்றாள்.

அன்றைக்கே ஒரு குயர் நோட்டு வாங்கினாள். தினமும் மூன்று பக்கம், தன் ஊரைப் பற்றி, ரஷ்யனில். முருங்கைத் தோட்டம், குடிதண்ணீர் லாரி, காற்றாலை, கோயில் பெருநாள். தப்பான பக்கத்தைக் கிழித்துப் போடாமல் பக்கத்திலேயே திருத்தி எழுதினாள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பதினொரு நோட்டுகள் தீர்ந்தன. மூன்றாம் ஆண்டில் வகுப்பிலேயே அவள்தான் முதல்.

கடைசி ஆண்டு ஆய்வுக்கு அவள் கசகஸ்தானைத் தேர்ந்தெடுத்தாள். சோவியத் காலத்தில் நாற்பது வருஷம் அணுகுண்டுச் சோதனை நடந்த புல்வெளியின் ஓரத்துக் கிராமங்கள். ஒரு கோடையில் அங்கே போய், குல்ஷாரா என்ற ஓய்வுபெற்ற பள்ளிக்கூடச் சமையற்காரம்மாவைச் சந்தித்தாள். ரீபா ரஷ்யனில் கேட்டாள். குல்ஷாராவும் ரஷ்யனில் மளமளவென்று பதில் சொன்னார். தேதி, எண், இழப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு எல்லாம் வந்தது. ஒரு மனுவை வாசிப்பதைப் போல இருந்தது.

“இவ்வளவுதானா அம்மா?” என்று ரீபா கேட்டாள்.

“ரஷ்யனில் இவ்வளவுதான்” என்றார் அவர். “இது அதிகாரிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகின பேச்சு. மற்றதை நான் கசாக்கில்தான் சொல்லுவேன்.”

ரீபா திரும்பி வந்து, ஆய்வேட்டுக்கு இன்னும் ஓர் ஆண்டு அவகாசம் கேட்டாள். “ரஷ்யன் போதுமே, எதற்கு இந்தப் பிடிவாதம்?” என்றார்கள் துறையில். அவள் அசையவில்லை. டெல்லிக்குப் படிக்க வந்திருந்த கசாக் மாணவி ஒருத்தியைப் பிடித்து, மாலைதோறும் மொழியைக் கற்றாள். ‘வீடுகளிலிருந்து’ என்று நாம் ஒட்டிக்கொண்டே போகிற மாதிரி அவர்களும் ஒரே சொல்லில் ஒட்டினார்கள். ரஷ்யனைவிட அது அவள் நாக்கில் சீக்கிரம் உட்கார்ந்தது. மறுகோடையில் அதே வீட்டுக் கதவைத் தட்டி, கசாக்கில் நலம் விசாரித்தாள். குல்ஷாரா நான்கு நாள் பேசினார்.

ஊருக்கு வந்தபோது அதில் ஒரு பகுதியைத் தமிழில் எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். சோதனை நாளில் வீடு குலுங்கும் என்று பாத்திரங்களை அலமாரியிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய் நிற்பார்களாம். தொட்டிலில் தூங்கும் பிள்ளையை எழுப்பித் தூக்கிக்கொண்டு போவதுதான் பெரும்பாடாம். ஜாபேஸ் முடியும்வரை அசையாமல் கேட்டார்.

“இங்கனயும் இதேதான்னு எழுதிரு” என்றார்.

“எழுதமாட்டேன்ப்பா. அது குண்டு, இது கரண்டு. ரெண்டையும் ஒண்ணுன்னு சொன்னா அந்தம்மா சொன்னதும் பொய்யாயிரும், நீங்க உக்காந்ததும் பொய்யாயிரும்.”

அவருக்குக் கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார்.

“அந்தம்மாட்ட மொதல்ல என்ன கேட்ட?”

“குடிக்கத் தண்ணி எங்கன எடுத்தியன்னு கேட்டேன்.”

“எங்ககிட்ட ஒருத்தனும் அதக் கேக்கல. பந்தல்ல உக்கார எவன் துட்டு குடுத்தான்னுதான் கேட்டானுவ.”

“இப்ப நான் கேக்குதேன். உக்காருங்கப்பா.”

அவர் செருப்பைக் கழற்றினார். ரீபா போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டாள். அன்று மதியம் மூன்று மணி நேரம் பேசினார். நடுவில் லில்லி இரண்டு இடத்தில் அவரைத் திருத்தினாள்; அதுவும் பதிவாயிற்று.

ரீபாவின் ஆய்வேடு அந்தக் குளிர்காலத்தில் தேறியது. இப்போது அதே துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கீழ் வகுப்புக்கு வாரம் இரண்டு நாள் ரஷ்ய இலக்கணம் எடுக்கிறாள். ஜாபேஸ் சொன்னதை நடு ஆசியாவைப் பற்றிய ஆய்வில் சேர்க்க வழியில்லை. அதைத் தனியாக, ஒரு சொல்லும் மாற்றாமல், அவர் பேச்சிலேயே எழுதிக்கொண்டிருக்கிறாள். நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது.