நார்மன் நிற்க வைத்த மனிதன்

என் வீட்டுக்காரர் நார்மன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். பந்தயப் புறா வளர்ப்பார், பீர் குடிப்பார், ராகமே வராத குரலில் பாடுவார். போட்டோ என்றால் மட்டும் ஆகாது. மகள் கல்யாணத்தன்று போட்டோக்காரன், "எல்லாரும் அசையாம நில்லுங்க" என்றதும் சர்ச் வாசலை விட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். "பீருக்கு அவசரம் போல" என்று சம்பந்தியம்மாள் சிரித்தாள். ஒரு மாசம் அவரோடு நான் பேசவில்லை.

போரின்போது ஜெர்மனியில் ஒரு நாஜி வதைமுகாமுக்குள் போன பட்டாளத்தில் அவர் இருந்தார். பின்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அங்கே படம் எடுத்து வைத்தார். படங்களைப் போட்டு வைத்த பிஸ்கட் டப்பா நிறையப் பிணங்கள். அந்தப் படங்களில் உயிரோடு இருந்தவன் ஒரே ஒருவன். கோடுபோட்ட உடுப்பு, கையில் தொப்பி, எலும்பும் தோலுமாக விறைத்து நின்றான்.

நாற்பது வருஷம் கழித்து ஊர் நூலகத்தில் போரைப் பற்றிக் கண்காட்சி வைத்தார்கள். படம் கேட்டு வந்த பாலின் என்ற பெண் அவன் நிற்கும் படத்தைத்தான் எடுத்தாள்.

"'காப்பாற்ற வந்த வீரருக்கு மரியாதை'ன்னு கீழ போட்டுடலாம், மிஸ்டர் ஹெப்பிள்."

"மரியாதையா? நாந்தாம்மா அவன நிக்க வெச்சேன். வெளிச்சத்துக்கு வான்னு கைய காட்டினேன். எந்தப் பட்டாள உடுப்பும் அவனுக்கு ஒண்ணுதான். காவக்காரனுக்குக் கழட்டுற மாதிரி தொப்பியக் கழட்டிட்டு நின்னான். நான் ஃபிலிம் மாத்திக்கிட்டிருந்தேன். உக்காருன்னு சொல்ல அவன் பாஷை தெரியல. நானே தரையில உக்காந்து காட்டியிருக்கலாம். தோணல. படம் எடுத்ததும் சுருண்டு விழுந்துட்டான்."

"செத்துட்டானாய்யா?" என்றேன். கட்டிக்கொண்டவளுக்கே அன்றுதான் தெரியும்.

"சாயங்காலம்."

பாலின் தடுமாறினாள். "அவரு எப்படியும் பொழைச்சிருக்க மாட்டாருங்க..."

"படுத்தாவது செத்திருப்பான்ல?"

"இதையெல்லாம் போட்டா பாக்க வர்றவங்க குழம்பிடுவாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "குழம்பட்டுமேடி! அவர் சொன்னதப் போடு. இல்லேன்னா டப்பாவ வெச்சுட்டுக் கெளம்பு."

போட்டாள். 'படம் எடுப்பதற்காக இவரை நிற்க வைத்தவன் நான். நார்மன் ஹெப்பிள்.'

திறப்பு நாளன்று, அவரோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ஆல்ஃப் அதைப் படித்துவிட்டு, "லூசாடா நீ? யாரு கேட்டா இத?" என்று காதில் திட்டினான். நார்மன் சுவரைப் பிடித்து, மடங்காத முட்டியை மடக்கி, படத்துக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரே பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

"எந்திரிய்யா, கிறுக்கா."

"இரு எடித். கொஞ்ச நேரம்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு எங்கள் இரண்டு பேரையும் தூக்கிவிட பாலினும் ஆல்ஃபும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.