இட்லிக் குண்டானும் இமயமலைப் பனியும்

ஒரு செய்தித்தாளை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிடலாம் என்பதைப் பதினோரு வயதிலேயே பார்த்துவிட்டேன். அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

சித்தப்பா ராணுவத்தில் லாரி ஓட்டினார். அப்போது காஷ்மீரில், ஏதோ ஒரு கணவாய்க்கு அந்தப் பக்கம் முகாம். நாங்கள் பிழைக்க வந்த வெளிமாநில நகரத்தில், கோர்படி என்ற பகுதியில் இருந்தோம். அவருக்குப் பார்த்திருந்த பெண் வீடு அதே நகரத்தில் இன்னொரு பக்கம், கட்கியில். பெண் பார்க்கப் போன அன்று இருவரும் பேசியது நாலு வார்த்தை. அதற்கப்புறம் சித்தப்பா போன் செய்யும்போதெல்லாம், "கட்கியில மழை உண்டா, கட்கியில குளிரா" என்று ஊரை விசாரிப்பார். கட்கி என்றால் யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தோம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். லீவும் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை போன் வந்தது. சித்தப்பா கத்திய கத்தலில் அப்பா ரிசீவரைத் தள்ளிப் பிடிக்க, எங்களுக்கும் கேட்டது. "அண்ணே, ரோடு பந்த்! பர்ஃப், பனி, கூரை வரைக்கும் நிக்குது. நின்ன வண்டி எங்கன்னே தெரியல. நான் வரலன்னு அவங்க தப்பா எடுத்துக்கப் போறாங்க." அதோடு லைன் போய்விட்டது.

அம்மா அசரவில்லை. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் தட்டு மாற்ற மாப்பிள்ளை தேவையே இல்லை. பெரியவர்கள் வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொண்டால் நிச்சயம் முடிந்தது. பெண் வீட்டாரும் அதே பக்கத்துக்காரர்கள்தான். ஆகவே பூவும் பழமுமாக ஆட்டோ ஏறினோம்.

பெண்ணின் அப்பா ஆங்கிலப் பேப்பர் வாங்குகிறவர். படித்தாரோ இல்லையோ, அதைக் கக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதில் ஒரு நாளும் தவறியதில்லை. போன மாதம் வரை அப்பாவை வாய் நிறைய "சம்பந்தி" என்று கூப்பிட்டவர், அன்று "சார்" என்றார். "தட்டு கெடக்கட்டும் சார், மாப்பிள்ளை எங்க?"

அப்பா பனியைச் சொன்னார். அவர் பேப்பரை விரித்து விரலால் தட்டினார். "இமயமலையே உருகுதுன்னு போட்டிருக்கான். உலகம் பூரா சூடாயிட்டு வருது. இதுல உங்க தம்பிக்கு மட்டும் தனியா பனி கொட்டுதா? க்யா பாத் ஹை, பலே பலே!"

கூடமே சிரித்தது. அவர் பக்கத்து ஆள் ஒருவர், மிலிட்டரிக்காரனுக்குப் போன இடமெல்லாம் ஒரு குடும்பம் இருக்கும் என்று காதில் விழும்படி முணுமுணுத்தார். அம்மாவின் முகம் செத்துவிட்டது. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்த வாரம்தான் பள்ளியில் மிஸ் இதை நடத்தியிருந்தார்.

எழுந்து, அடுக்களையில் எங்களுக்காகவே வெந்துகொண்டிருந்த இட்லிக் குண்டானைக் காட்டினேன். "மாமா, அடுப்ப ஏத்தி வெச்சா மூடியில ஜாஸ்தி தண்ணி கோக்குதில்ல? அது மாதிரிதான். உலகம் சூடானா கடல்லேருந்து ஜாஸ்தி ஆவி வரும். அது குளிர் மலைக்குப் போனா ஜாஸ்தி பனியா கொட்டும். மலை முன்ன மாதிரி இல்லன்னாலும், மேல இன்னும் ஐஸ் குளிருதான். உருகுறதும் நெஜம், கொட்டுறதும் நெஜம்."

"பாருங்க, பாப்பா அடுப்புல ஐஸ் சுடுது!" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "சின்னப் புள்ள, தெரியாம பேசிடுச்சு" என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டார். தெரியாமலா? அந்தக் கூடத்தில் விஷயம் தெரிந்து வாய் திறந்தவள் நான் ஒருத்திதான்!

கொண்டுபோன தட்டோடு திரும்பினோம். சித்தப்பா அடுத்த வாரம் வந்தார். மூக்கிலும் கன்னத்திலும் தோல் உரிந்து, உதடு வெடித்து, பார்க்கவே பாவமாக இருந்தது. இந்த முகத்தைக் காட்டினாலே போதும் என்று அப்பா அவரைக் கட்கிக்கு அழைத்துப்போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி மாப்பிள்ளைக்குப் பெண்ணை நிச்சயம் செய்துவிட்டார்களாம். மாப்பிள்ளை கம்பெனி வேலையாக அமெரிக்கா போயிருந்தாராம். அங்கே பனி கொட்டி விமானம் ரத்தாம். பாதகமில்லை என்று பெரியவர்களே தட்டு மாற்றிக்கொண்டார்களாம்.

அந்தப் பனியை அவர் நம்பினார்!

வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம் கால்பட்டாலும் குற்றம் என்பார்கள். எனக்கு அது அன்று தெரியவில்லை. சூடு, ஆவி, பனி என்று புரியவைத்துவிட்டால் போதும், கல்யாணம் நடந்துவிடும் என்று நம்பினேன். அவருக்கா புரியவில்லை? இன்றும் குளிர்காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் யாராவது பனிமலைப் படத்தைப் போட்டு, "எங்கே உங்கள் புவி வெப்பமயமாதல்?" என்று கேலி செய்கிறார்கள். அவருக்குச் சூட்டைக் காட்டிப் பனியை மறுக்கவேண்டியிருந்தது, இவர்களுக்குப் பனியைக் காட்டிச் சூட்டை மறுக்கவேண்டியிருக்கிறது. நானும் விடாமல் இட்லிக் குண்டானில் ஆரம்பித்துப் பதில் எழுதுகிறேன்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அப்பா மன்னிப்புக் கேட்டதும் நான் அழுதுகொண்டே அடுக்களைக்குள் ஓடினேன். அங்கே பெண் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். "நீ சொன்னத இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல அவள் உதடும் கூடவே அசைந்தது. பாவம், அறிவியலில் மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து, மிஸ்ஸைப்போல நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"ரெண்டும் நெஜம்தானே?" என்று கேட்டுவிட்டு அவள் கூடத்து வாசலில் போய் நின்றாள். "அப்பா" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்து, "உள்ள போ" என்றார்.

அவள் உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள். இத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் மறந்துவிட்டாளே என்று எனக்கு அவள் மேல்தான் கோபம் கோபமாக வந்தது.