ஆறட்டும் மக்ளே

கருங்கல் குமாரதாஸ் அந்தக் காரை வாங்கி இருபத்துநாலு வருசம் ஆகிறது. அஞ்சாறு கிலோமீட்டர் ஓடினால் சூடேறி, மீட்டர் முள் சிவப்பைத் தொட்டுவிடும். உடனே மனுசன் ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "ஆறட்டும் மக்ளே." அரை மணிக்கூர் ஆனாலும் சரி, ஆறாமல் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கமாட்டார், ஒரு அடி ஓட்டமாட்டார். சூட்டோடு ஓட்டினால் இஞ்சின் செத்துப்போகுமாம். மெக்கானிக் ஆன்றோ ரேடியேட்டரை மூன்று தடவை மாற்றிப் பார்த்துவிட்டு, "இதைத் தலைமுழுகும் அண்ணே" என்று கும்பிட்டே விட்டான். கேட்டால்தானே! மகள் சபிதாவின் கல்யாணத்தன்றுகூட, மாப்பிள்ளை மண்டபத்தில் காத்திருக்க, பெண் பட்டுச்சேலையோடு ரோட்டோரம் நின்றாள். இந்தக் கூத்து எந்த வீட்டிலாவது உண்டா?

அந்த சபிதாவுக்கு இப்போது சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு நேர்காணல். நாகர்கோவிலில், காலை பத்து மணி. அதற்குமேல் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த வருசம் வயசு வரம்பு தாண்டிவிடும், இதை விட்டால் வேறு இல்லை.

"நான் ஆட்டோ பிடிச்சுப் போறேன்பா" என்று ராத்திரியே கெஞ்சினாள்.

"சொந்தமா வண்டி வச்சுக்கிட்டு ஆட்டோவிலயா? ஊரு சிரிக்காதா?"

ஏழரைக்குப் புறப்பட்டும் திங்கள்சந்தைக்கு முன்னால் ஒரு நிறுத்தம், இரணியல் தாண்டி இன்னொன்று. பக்கத்து வீட்டு ஜெயபாயின் கிணற்றில் பிடித்து வந்த வெள்ளம் ரெண்டு பாட்டிலும் ரேடியேட்டரில் ஊற்றியாயிற்று. சபிதா கை காட்டிய ஆட்டோவெல்லாம் ஆள் நிறைந்து போனது. பிறகு மனுசன் ஹீட்டரைத் திருகினார், இஞ்சின் சூடு உள்ளே இறங்குமாம். சித்திரை வெயிலில் ஹீட்டர்! சபிதாவின் முகத்துப் பவுடர் வழிந்து கழுத்துக்கு வந்தது. சர்டிபிகேட் பையை மடியில் இறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

ஒன்பதே முக்காலுக்கு முள் மறுபடியும் சிவப்பைத் தொட்டது. இன்னும் நாலு கிலோமீட்டர். அவர் கை தன்னால் ஸ்டியரிங்கை ஓரத்துக்கு ஒடித்தது.

சபிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நிறுத்துங்க! நல்லா நிறுத்துங்க! இதுதானே உங்க பிள்ளை? நான் எப்படிப் போனா உங்களுக்கென்ன? என் வாழ்க்கையே இந்தப் பானட்டுக்கு முன்னால நின்னு தீந்துபோச்சு!" சொல்லிவிட்டு அழுதாள்.

குமாரதாஸ் மகளைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். வண்டியைத் திரும்ப ரோட்டுக்கு ஏற்றினார்.

கொஞ்ச தூரத்தில் தீய்ந்த வாடை அடித்தது. பிறகு புகை. இரும்பும் இரும்பும் இடிக்கிற சத்தம் கேட்டது. அவர் மிதித்த காலை எடுக்கவில்லை. ஆபீஸ் கேட்டுக்கு முன்னால் வண்டி குலுங்கி நின்றபோது மணி ஒன்பது ஐம்பத்தாறு. சபிதா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தவள், வீடு போய்ச் சேர இனி எத்தனை தடவை நிற்க வேண்டுமோ என்று கறுவிக்கொண்டே வந்தாள். கார் இறக்கிவிட்ட இடத்திலேயே நின்றது. குமாரதாஸ் பக்கத்து மதில் நிழலில் உட்கார்ந்திருந்தார். பானட் மூடியிருந்தது.

"ஏன்பா, திறந்து வைக்கலியா? ஆறாண்டாமா?"

அவர் பானட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "கேட்டதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொன்னியா மக்ளே?"

"சொன்னேன்பா."

"அது போதும்" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஒரு ஆட்டோ பிடி, வீட்டுக்குப் போவோம்."